பலகையின் அடிப்பக்கம்

"மச்சான், ரோலர் எட்டும் எங்கை?"

பாலன் இப்படிக் கேட்டது ஒரு சனிக்கிழமை காலை. வெளியே மழை. ஒக்லாந்தில், கிளென் ஈடனில் எங்கள் வீட்டுக் கராஜுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவன் கதைப்பதே கேட்காது. ஆனாலும் அவன் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்காதவன் மாதிரிக் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய நட்டை இன்னொருக்கால் இறுக்கினேன்.

அவன் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தான். தலையில் கம்பளித் தொப்பி. உடம்பில் இரண்டு ஸ்வெட்டர். கோடைகாலத்தில் ஒன்று போடவே இறுக்கமாக இருந்த ஆள். மடியில் காரின் பின்கதவுக் கைபிடியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னைத்தான் கேக்கிறன். ரோலர்."

"குரோம் பூசக் குடுத்தனான் மச்சான். அவங்கள் துலைச்சுப் போட்டாங்கள்."

"எட்டையுமோ?"

"எட்டையும்."

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்றான். பிறகு கைபிடியைத் தேய்க்கத் தொடங்கினான்.

உருளைகள் எட்டும் அவனுடைய முதுகுக்குப் பின்னால், நாலடி தள்ளி, வேலை மேசைக்குக் கீழே ஒரு பெயின்ற் வாளிக்குள் கிடந்தன. மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கியவன் நான்தான்.

போன கிழமை இந்தப் பத்திரிகைத் தொடரில் என் முதல் கராஜ் முதலாளியைப் பற்றி எழுதினேன். அவருடைய கதை இன்னும் முடியவில்லை. அவர் பொறுத்துக்கொள்வார், நல்ல மனிதர். இதை இதற்கு மேலும் தள்ளிப்போட என்னால் ஏலாது. மூன்று கிழமையாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

ஒரு கார், இரண்டு உத்தியோகம்

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் தகரம் தட்டுகிறவன். விபத்தில் நசிந்த கார்களை நிமிர்த்திப் பெயின்ற் அடிப்பதுதான் ஒக்லாந்தில் எனக்குச் சோறு போட்ட தொழில். இப்போதும் கிழமையில் மூன்று நாள், திங்கள் தொடக்கம் புதன் வரை, வேலைக்குப் போகிறேன். மிச்ச நாளில் வீட்டில் சும்மா இருந்தால் எனக்கும் விசர், வீட்டுக்காரிக்கும் விசர். அதனால்தான் பழைய கார் திருத்தும் பைத்தியம் பிடித்தது.

பாலன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. ஊரில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தோம். இங்கே அவன் எனக்கு இரண்டு வருடம் முந்தி வந்தான். வந்த நாள் தொட்டு ராக்சி. முழங்கால் நோ வரும்வரைக்கும் ஓட்டினான். வீடு மாசி என்ற புறநகரில்.

இந்தக் காரைக் கண்டுபிடித்ததும் அவன்தான். வடக்கே ஒரு பண்ணையில், கோழி அடைகிற கொட்டிலுக்குள் கிடந்தது. யாரோ பழைய கார் பிரியர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் இறக்கி, திருத்தாமலே கண்ணை மூடிவிட்டார். அவருடைய மகளுக்கு அந்தக் கொட்டில் காலியாக வேண்டும். "கொண்டு போனால் போதும்" என்றாள்.

என்னுடைய வாழ்நாளில் அவ்வளவு நீளமான காரை நான் தட்டியதில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம். கூரையில் கழற்றிப் பூட்டக்கூடிய சிவப்பு விளக்கு. பின்னால் ஸ்ட்ரெச்சர் வைக்க இடம், பக்கத்தில் தாதி இருக்க மடக்குக் கதிரை. அம்புலன்ஸ்தான். ஆனால் அம்புலன்ஸ் மட்டும் இல்லை.

அந்தக் காலத்தில் சின்ன ஊர்களில் இரண்டு வண்டி வைத்திருக்க வசதியில்லை. செத்த வீட்டு வேலை செய்கிறவரே அம்புலன்ஸும் ஓட்டுவாராம். வண்டியும் ஒன்றுதான். விளக்கைக் கழற்றி, மடக்குக் கதிரையை மடக்கி, பக்கக் கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டால் பிரேதக் கார். தரையில் நாலு பலகை. மேல்பக்கம் மட்டமாக இருக்கும், அது நோயாளிக்கு. புரட்டிப் போட்டால் அடிப்பக்கத்தில் பலகைக்கு இரண்டாக, உலோகத் தாங்கியில் பூட்டிய ரப்பர் உருளைகள். சவப்பெட்டியை அவற்றின்மேல் வைத்துத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

அந்தக் கொட்டிலில் கோழி எச்சத்துக்கு நடுவே குந்தியிருந்து, பாலன் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"பார் மச்சான். காலமை ஆளை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டிருப்பாங்கள். பின்னேரம் பலகையைப் பிரட்டிப்போட்டு அதே ஆளை ஏத்தியிருப்பாங்கள். அதே றைவர். பாவி, என்னெண்டு அவன் மூஞ்சையை வைச்சிருப்பான்?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது எங்களுக்குச் சுகதேகம், சிரித்தோம்.

வீட்டில் என்ன சொல்வது? பிரேதக் கார் என்று சொன்னால் என் வீட்டுக்காரி கராஜ் கதவைத் திறக்கவே விடமாட்டாள். பாலனின் மனைவி சரோ இன்னும் மோசம். வழியில் சவ ஊர்வலம் கண்டால் வீட்டுக்கு வந்து தலை முழுகுகிறவள். ஆகவே இரண்டு பேரும் திரும்பி வரும் வழியில் ஒப்பந்தம் செய்துகொண்டோம். கேட்டால் அம்புலன்ஸ். பாதி உண்மைதானே?

தேசிக்காய் நசித்த நாள்

தகர வேலை என்னுடையது. கழுவுவது, தேய்ப்பது, மினுக்குவது, சின்னச் சாமான் எல்லாம் பாலனுடையது. கைபிடி, திருகாணி, திரை மாட்டும் கம்பி, இந்த எட்டு உருளை. ஒவ்வொன்றையும் கழற்றிப் பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டு, எது எங்கே பூட்டுகிறது என்று பேனையால் எழுதி ஒட்டுவான். அவனுடைய கையெழுத்து இன்னும் கராஜ் முழுக்கக் கிடக்கிறது.

மூன்றாவதாகச் சேர்ந்தவர் செந்தில். மதுரைப் பக்கம். ஹில்ஸ்பரோவில் வீடு, வீட்டிலிருந்தே கணினி வேலை. கோயிலில் பழக்கம். கூரை விளக்குக்கு வயர் இழுத்துத் தந்தவர் அவர்தான். "அண்ணே, இந்த வண்டிக்கு வயசு எங்கப்பா வயசு. ஆனா எங்கப்பாவை விட நல்லா ஒத்துழைக்குது" என்பார்.

என்ஜின் முதன்முதல் ஸ்டார்ட் ஆன நாளை மறக்கமாட்டேன். எங்களுடைய ஆட்கள் புதுக் கார் வாங்கினால் செய்வதை எல்லாம் செய்தோம். நாலு ரயருக்குக் கீழும் நாலு தேசிக்காய். சூடம். ஒரு தேங்காய். பெண்கள் இரண்டு பேரும் சேலை கட்டி வந்தார்கள். சரோ பொனற்றில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள்.

"பிள்ளையாரே, இதில ஏறுற எல்லாரும் சுகமாத் திரும்பி வரவேணும்."

எனக்கும் பாலனுக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவன் இருமுகிற மாதிரி நடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினான். நான் குனிந்து தேசிக்காயைச் சரிசெய்தேன். கார் முன்னால் உருண்டு நாலையும் நசித்தது. செந்தில் கை தட்டினார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயில் நானே போடவேண்டும் போலிருக்கிறது.

டொக்டர் சொன்னதும் மகன் சொன்னதும்

அவனுடைய கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டவன் நான். கராஜின் குழல் விளக்குக்குக் கீழே. "உந்த லைற்றுக்கு எல்லாருக்கும் மஞ்சள்தான்" என்றான். இரண்டு கிழமையில் ஆஸ்பத்திரி. கணையத்தில் கான்சர்.

முடிவு சொல்கிற நாளில் நான்தான் அவர்களை ஏற்றிப் போனேன். சரோ என்னையும் மகன் கோபியையும் ஒதுக்கமாகக் கூப்பிட்டாள்.

"என்ன வந்தாலும் அவருக்குத் தெரியக்கூடாது அண்ணை. தெரிஞ்சால் அண்டைக்கே மனம் விட்டிடுவார். எனக்கு அவரைத் தெரியும்."

இங்கே நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் டொக்டர்மார் சொல்வார்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவார்கள். கோபி அதையும் தடுத்துவிட்டான். அப்பாவுக்கு மருத்துவ ஆங்கிலம் விளங்காது, நானே சொல்கிறேன் என்றான். கோபி இங்கே பிறந்தவன். பொறியியலாளன், தங்கமான பிள்ளை. அவனுடைய தமிழ் வெறுங்காலோடு கல்லில் நடப்பது போல.

டொக்டர் அம்மா பாலனையே பார்த்துக்கொண்டு, நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். குணப்படுத்த வழி இல்லை. இனி மாதக் கணக்குத்தான். எங்கே இருக்க விருப்பம், யாரைப் பார்க்க விருப்பம், கடைசிக் காரியம் எப்படி நடக்க விருப்பம் என்பதை எல்லாம் இப்போதே வீட்டில் கதைத்துக்கொள்வது நல்லது.

கோபி தொண்டையைச் செருமினான். "அப்பா... டொக்டர் சொல்றா, மருந்து இருக்காம். ஸ்லோவா சுகம் வரும். ரெஸ்ட் எடுக்கட்டாம்."

பாலன் மகனைப் பார்த்தான். பிறகு டொக்டரைப் பார்த்தான். "தாங்க் யூ டொக்டர்" என்றான்.

இருபத்திரண்டு வருடம் இந்த நகரத்தில் ராக்சி ஓட்டியவன். பின் சீற்றில் டொக்டர்மாரும் வழக்கறிஞர்மாரும் வெறிகாரரும் கதைத்ததை எல்லாம் எனக்கு வந்து ஒன்றும் விடாமல் நடித்துக் காட்டியவன். அவனுக்கு 'மாதம்' என்பதற்கு ஆங்கிலம் தெரியாதாம்! அதை நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். நம்ப வேண்டும் என்று இருந்தால் எதைத்தான் நம்ப ஏலாது?

என்னைப் பெற்ற ஐயாவுக்கும் இதையேதான் செய்தோம். ஊரில், நான் வெளிநாடு வரமுன்னர். வயிற்றில் கட்டி. அவருக்கு அல்சர் என்று சொன்னோம். அயலும் அல்சர் என்றது, கடைக்காரரும் அல்சர் என்றார். கடைசிக் கிழமையில் ஒரு நாள் ஐயா என்னிடம், "தம்பி, இந்த அல்சர் எல்லாருக்கும் இவ்வளவு நாள் எடுக்குமோ?" என்று கேட்டார். "ஓம் ஐயா, சிலபேருக்கு எடுக்கும்" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று அன்றைக்கு ஒரு கணமும் நான் யோசிக்கவில்லை. பாலன் விஷயத்தில் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

காரில் திரும்பி வரும்போது பாலன் பெயின்ற் பற்றியே கதைத்தான். வெள்ளையா, பாலாடை நிறமா? வெள்ளை என்றால் அம்புலன்ஸுக்கு மட்டும் பொருந்தும், பாலாடை நிறம் என்றால் இரண்டுக்கும் பொருந்தும் என்றான். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாளி

சரோவுக்கு விஷயம் கோயிலில்தான் தெரியவந்தது. யாரோ இணையத்தில் இதே மாதிரிக் கார் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாளே, பாலன் நித்திரையாக இருந்த நேரம், தனியாகக் காரோட்டிக்கொண்டு என் கராஜுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள்.

"அண்ணை, இது பிரேதக் காரோ?"

"ரெண்டும்தான் சரோ" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"பாடைக்கு என்ரை கையாலை பொட்டு வைச்சிட்டன். ஏறுற ஆக்கள் சுகமாத் திரும்பி வரவேணுமெண்டு வேற சொன்னனான். அதுதான் அவருக்கு இப்பிடி வந்தது."

"விசர்க் கதை கதையாதையுங்கோ. காராலை கான்சர் வருமோ?"

"எனக்குத் தெரியாதண்ணை. அவரைச் சனிக்கிழமையில இஞ்சை வரவேண்டாமெண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அதுக்காகத்தான் கிழமை முழுக்கச் சாப்பிடுறார். ஆனா அந்தச் சவச் சாமானை அவற்றை கண்ணிலை காட்டாதேங்கோ. பாத்தால் யோசிப்பார். என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் பண்ணினேன். அன்று பின்னேரமே பலகைகளைக் கழற்றி, உருளைகளை எடுத்து, வாளிக்குள் போட்டேன். பலகைகளை மட்டமான பக்கம் மேலே வரப் பூட்டினேன். அதற்குப் பிறகு வந்ததுதான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை.

அந்த நாளுக்குப் பிறகு அவன் உருளையைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரைக் கம்பியைப் பற்றியும் கேட்கவில்லை. அம்புலன்ஸ் பாதியைப் பற்றி மட்டுமே கதைத்தான். நான் நிம்மதி என்று நினைத்தேன்.

ஒருநாள் தேநீர் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் வைக்கிற இடத்தில், வெறும் பலகையில், நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறான். கை இரண்டும் நெஞ்சில். கண் மூடியிருந்தது.

"எழும்படா விசரா!"

கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "அம்புலன்ஸ்தானே மச்சான். நோயாளி படுக்கக் கூடாதோ?"

"எழும்பு எண்டு சொல்லுறன்!"

எழும்பி இருந்தான். மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான், உன்னட்டை மட்டும் ஒண்டு கதைக்கோணும்" என்றான்.

நான் தேநீரை அவனுடைய கையில் கொடுத்தேன். "இந்தா, ஆறமுன்னம் குடி" என்றேன். கொடுத்துவிட்டு நேரே போய்க் கிரைண்டரைப் போட்டேன். தேய்க்க ஒன்றும் இல்லை. ஒரு பழைய கதவுத் துண்டை எடுத்துச் சும்மா தேய்த்தேன். பொறி பறந்தது. காது அடைக்கும் சத்தம். நல்லாய்ப் பத்து நிமிடம் தேய்த்திருப்பேன். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் வெறுங்கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

என் வாழ்க்கையில் வெட்கப்பட எத்தனையோ இருக்கின்றன, இந்தத் தொடரில் பலதையும் எழுதிவிட்டேன். இது எல்லாவற்றிலும் பெரியது.

சேப்பலில்

குளிர்காலத்தின் நடுவில் பாலன் போனான். மாசி வீட்டில், சொந்தக் கட்டிலில். கடைசி இரண்டு கிழமை கராஜுக்கு வரவில்லை.

பெட்டியைத் தகனச் சாலையின் சேப்பலுக்குக் கொண்டுபோனது புதுக் கறுப்பு வான். ஒரு பொத்தானை அழுத்தினால் பின்கதவு தானே திறக்கிறது. எங்கள் கார் பாலாடை நிறத்தில், வொரண்ட் என்ற ஓட்டத் தகுதிச் சான்று எடுத்து, ஓடக்கூடிய நிலையில், கிளென் ஈடனில் போர்வைக்குக் கீழே நின்றது. அதில் கொண்டுபோகலாமா என்று எனக்கு ஒருதரம் மனதில் ஓடியது. சரோவின் முகத்தைப் பார்த்தேன். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

கிரியை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். கண்ணீர் இல்லை. காய்ந்து போயிருந்தாள்.

"கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாமல் பாத்திட்டன் அண்ணை. நீங்களும் சத்தியத்தைக் காப்பாத்தினீங்கள். எனக்கு அந்த ஒரு நிம்மதி போதும்."

"ஓம் சரோ" என்றேன்.

ஏழு

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு காரை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். கராஜுக்குள் போகவே பிடிக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரர் வந்து பார்த்தார். பழைய கார் தெரிந்தவர். முதல் கேள்வியே உருளை இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது, எடுத்துப் பூட்டித் தருகிறேன் என்றேன்.

அவர் போன பிறகு மேசைக்குக் கீழே குனிந்து வாளியை இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. பாரமே இல்லை. மூடியைக் கிளப்பினேன். உள்ளே ஒரு பழந்துணி. வேறொன்றும் இல்லை.

கள்ளன் வந்தானோ என்றுதான் முதலில் நினைத்தேன். கராஜில் இருக்கும் நல்ல வேலை ஆயுதங்களை எல்லாம் விட்டுவிட்டு எட்டு ரப்பர் உருளையை எந்த விசர்க் கள்ளன் எடுப்பான்? பிறகுதான் காரைத் திறந்து, முதல் பலகையின் திருகாணிகளைக் கழற்றிப் புரட்டினேன்.

அடிப்பக்கத்தில் இரண்டு உருளைகளும் இருந்தன. உலோகம் பளிச்சென்று மினுங்கியது. ரப்பரில் தூசி இல்லை. விரலால் தொட்டேன், சுழன்றது. எண்ணெய் போட்டிருந்தான். இரண்டாவது பலகையிலும் இரண்டு. மூன்றாவதிலும். நாலாவதில் ஒன்றுதான். மற்ற இடத்தில் இரண்டு துளைகள் மட்டும், உள்ளே சுத்தம் செய்து கிடந்தன.

நான் அந்தத் தரையிலேயே இருந்துவிட்டேன்.

கராஜ் பூட்டுக்கான மற்றத் திறப்பு பாலனிடம்தான் இருந்தது. ஆனால் மாசியிலிருந்து கிளென் ஈடனுக்கு அந்த உடம்போடு யார் கொண்டுவந்தது? நினைத்தவுடனே செந்திலுக்குப் போன் அடித்தேன்.

"நான்தாண்ணே கூட்டிட்டு வந்தேன். நாலு புதன்கிழமை. அன்னிக்குத்தான் நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க, சரோ அக்காவும் உங்க வீட்டுக்காரம்மாவும் கோயிலுக்குப் போயிருப்பாங்க. வந்த ஒடனே நேரா மேசைக்கடியில குனிஞ்சு அந்த வாளியை எடுத்தாரு. இருக்கிற எடம் அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருண்ணே. நான் உங்களுக்கு ஏதோ சர்ப்ரைஸ்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பத்து நிமிஷம் என்னை வெளியில நிக்கச் சொல்வாரு. அப்புறம் கூப்பிடுவாரு, கண்ணெல்லாம் செவந்திருக்கும். கடைசித் தடவை ஏழாவது போட்டதும் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டாரு. எட்டாவதை நான் போடறேன்னு சொன்னேன். வேணாம், அது அவன் போடட்டும்னாரு. முன்னாடி டேஷ்போர்டு டிராயர்ல வச்சாரு."

"என்னட்டைச் சொல்லச் சொல்லி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவன் தேடினா சொல்லு, தேடாட்டி விட்டுடுன்னாரு. நீங்க தேடவே இல்லையேண்ணே. சாவு வீட்டன்னிக்குக் காலைல கூட, கார் எடுக்கலையான்னு உங்களைக் கேட்டேன். இல்லைன்னுட்டீங்க."

கேட்டது உண்மை. எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அவன் அந்தக் காரில்தான் போக விரும்பினான். அதைச் சொல்லத்தான் அன்று என்னைக் கூப்பிட்டான். நான் கிரைண்டரைப் போட்டேன். வாயால் சொல்ல விடாதவனுக்குக் கையால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதையும் நான் ஒரு மாதத்துக்கு மேல் பிந்தித்தான் கண்டேன்.

முன் டிராயரைத் திறந்தேன். எட்டாவது உருளை, ஒரு கம்பளிக் காலுறைக்குள். கூட இரண்டு திருகாணி. அன்றைக்கே பூட்டினேன். வெள்ளைக்காரருக்குப் போன் எடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்றேன்.

மாசி வரை

இதுவரை எழுதியதை அச்சுக்கு அனுப்பமுன்னர் ஒரு வேலை இருந்தது. சரோ இந்தப் பத்திரிகையைக் கிழமை தவறாமல் வாசிக்கிறவள். அச்சில் கண்டு அவள் அறியக்கூடாது. தாள்களை எடுத்துக்கொண்டு மாசிக்குப் போனேன். குசினி மேசையில் இருந்து வாசித்தேன். கோபியும் தொட்டிப் பக்கத்தில் நின்று கேட்டான்.

வாசித்து முடித்தேன். கோபி ஆங்கிலத்தில், "அப்படியென்றால் அன்றைக்கு நான் பொய் சொன்னது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் பைப்பைத் திறந்து முகத்தைக் கழுவத் தொடங்கினான். நிறுத்தவில்லை, கழுவிக்கொண்டே நின்றான்.

சரோ நெடுநேரம் மேசைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒருக்காலாவது அழுதிருக்கலாமே அண்ணை" என்றாள். "நான் குளியலறையிலை தண்ணியைத் திறந்துபோட்டு அழுதனான். அந்த மனுசன் தனிய எங்கை போய் அழுததோ."

எங்கே என்று எனக்குத் தெரியும். இந்த முறை மறைக்கவில்லை. "என்ரை கராஜுக்குள்ளதான், சரோ. புதன்கிழமையில. செந்திலை வெளியிலை நிப்பாட்டிப் போட்டு."

அவள் எழும்பிப் போய் முகம் துடைத்துவிட்டு வந்தாள்.

"கார் ஓடுமோ?"

"ஓடும்."

கோபி எங்களைக் கிளென் ஈடனுக்குக் கொண்டுவந்து விட்டான். விஷயம் தெரிந்த பிறகு சரோ முதன்முறையாக வாசலைத் தாண்டிக் கராஜுக்குள் வந்தாள். போர்வையை இழுத்தேன். பொனற்றில் சந்தனக் கறை மங்கலாக இருந்தது. தேசிக்காய் நசித்த நாளில் அவள் கையாலே வைத்தது; பெயின்ற் அடித்தபோதும் அந்த இடத்தைத் தொடப் பாலன் விடவில்லை. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். முன் சீற்றுக் கதவைத் திறந்துவிட்டேன். வேண்டாம் என்றாள்.

"மற்றப் பக்கத்தைப் போடுங்கோ அண்ணை."

நாலு பலகையையும் புரட்டிப் பூட்டினேன். அவள் பின்னால் ஏறி, தாதி இருக்கிற மடக்குக் கதிரையை விரித்து இருந்தாள். நான் இடப்பக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, மாசிப் பக்கம் மெல்லத் திருப்பினேன். தூறல். பிரேதக் கார் போகிற வேகத்தில்தான் போனேன். பின்னால் வந்த கார்கள் வரிசையாகச் சேர்ந்தன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

பாதி வழியில் பின்னால் சத்தம் கேட்டது. சரோ குனிந்து ஒவ்வொரு உருளையாகக் கையால் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஏழும் ஒரே மாதிரி மெல்ல ஓடின. எட்டாவது கிறீச்சிட்டது.

அது நான் பூட்டியது.